யவனத் தேறலின் இரு பிறப்பிடங்கள்: கோஸ் தீவும் கம்பேனியாவும்

சங்கச் சான்றோர் செய்யுட்களில் யவனரைப் பற்றிய குறிப்புகள் சிலவே. அச்சிலவற்றுள்ளும் அவர் கொணர்ந்த தேறலைச் சுட்டுவது புறநானூற்று 56-ஆம் செய்யுளாகும். பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது அது. இலக்கிய வரலாறு எழுதினோர் பலரும் இச்செய்யுளை எடுத்துக்காட்டத் தவறியதில்லை. ஆயின், எடுத்துக்காட்டுமிடத்து ஒரு சாரார் அதனைக் 'கிரேக்க நாட்டு மது' என்பர்; மற்றொரு சாரார் 'உரோம நாட்டு மது' என்பர். இவ்விரு கூற்றும் ஒரே பொருளைக் குறிப்பன போல எழுதப்பட்டு வருதலின், கற்போர் அவற்றிடையே உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏஜியன் கடலிலுள்ள கோஸ் தீவும், இத்தாலியின் தென்மேற்கிலுள்ள கம்பேனியா நாடும் கொடிமுந்திரித் தேறலுக்குப் பண்டைக்காலத்தே பெயர்பெற்ற இரு வேறு நிலங்கள். அவற்றின் மண் வேறு, தேறல் ஆக்கும் முறை வேறு, வரலாறும் வேறு. அவ்விரு நிலங்களுடனும் தொடர்புடைய சாடிகளின் உடைவுகள் நம் கடற்கரைப் பட்டினங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எனவே 'யவனத் தேறல்' எது என்னும் வினா இலக்கியத்தால் மட்டும் முடிவு செய்யக்கூடியதன்று. அவ்விரு நிலங்களின் வரலாற்றை ஒப்பிட்டு நோக்கி, அவ்வொப்பீடு நம் செய்யுளுரைக்கு எவ்வளவு துணைசெய்யும், எவ்விடத்தில் துணைசெய்யாது என்பதை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்யுட் சான்று

நக்கீரனார் பாண்டியனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிட்டுப் போற்றிய பின்னர், அவனை வாழ்த்துகின்றார். யவனர் கொணர்ந்த குளிர்ந்த நறுமணத் தேறலைப் பொன்னாற் செய்த கலத்தில் ஏந்தி வளையணிந்த மகளிர் நாள்தோறும் ஊட்ட, அதனை உண்டு மகிழ்ந்து ஞாயிறும் திங்களும் போல நிலைபெறுக என்பது அவ்வாழ்த்தின் கருத்து. இங்கு ஆராய்தற்குரிய சொல் 'நன்கலம்' என்பது. 'கலம்' என்னும் சொல் மரக்கலத்தையும் குறிக்கும். உண்கலம், கொள்கலம் முதலிய ஏனங்களையும் குறிக்கும். யவனரது நல்ல மரக்கலம் தந்த தேறலா? யவனர் நல்ல சாடியிற் கொணர்ந்து தந்த தேறலா?

மரக்கலம் எனக் கொள்வார்க்கு அகநானூற்று 149-ஆம் செய்யுள் துணைநிற்கும். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அச்செய்யுளில், சுள்ளியம் பேரியாற்றில் நுழைந்து பொன்னொடு வந்து மிளகொடு மீளும் யவனர் மரக்கலமும் 'நன்கலம்' என்றே கூறப்படுகின்றது. ஒரே மக்கள், ஒரே சொல். ஆகவே ஒரே பொருள் என்பது அவர் வாதம். ஏனம் எனக் கொள்வார்க்குப் புறநானூற்றுச் செய்யுளிலேயே சான்று உண்டு. தேறல் வந்த கலத்தைக் கூறிய புலவர், அடுத்து அது பரிமாறப்பட்ட பொற்கலத்தையும் கூறுகின்றார். கொணர்ந்த கலம் ஒன்று, ஏந்திய கலம் ஒன்று என்னும் இவ்விணைப்பு, முதற்கலமும் தேறலைக் கொண்டிருந்த ஏனமே என்று கொள்ளத் தூண்டும்.

இரு சாராரும் கூறுவன பொருந்துவனவே. செய்யுளை மட்டும் நோக்கி இதனைத் தீர்க்க முயல்வது, ஒரே துலையில் இருபுறமும் ஒத்த எடை இட்டு முள் சாயக் காத்திருப்பது போலாகும். வேறு ஓர் எடைக்கல் வேண்டும். அவ்வெடைக்கல் தேறலின் இயல்பிலும், அது வந்த சாடியின் இயல்பிலும் உள்ளது என்பது எம் கருத்து.

நம் நாட்டு மதுவகைகள்

அயல்நாட்டுத் தேறலின் தனித்தன்மையை அறிதற்கு நம் நாட்டு மது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை முன்னர் அறிதல் வேண்டும். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் முதலிய ஊர்கள் தொண்டை நாட்டினுள் அமைந்தவை. அந்நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அரிசி மது ஆக்கும் முறையைப் படிப்படியாகக் கூறுகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்கி, வாயகன்ற தட்டில் இட்டு ஆற்றுவர். நெல் முளையை இடித்து அதனோடு கலப்பர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியும் வரை வலிய வாயையுடைய சாடியில் வைத்து முதிரவிடுவர். பின்னர் வெந்நீரில் வேகவைத்து, விரலால் அலைத்துப் பிழிவர். முளைநெல் அரிசியின் மாவுப்பொருளை இனிப்பாக்க, அவ்வினிப்புப் புளித்து மதுவாகின்றது. மேனாட்டார் வாற்கோதுமை முளையிலிருந்து 'பீர்' ஆக்கும் முறையும் அடிப்படையில் இதுவே.

அதே புலவர் பாடிய பட்டினப்பாலையில் பரதவர் பனையின் பிழியை மாந்துகின்றனர். பனங்கள்ளோ இறக்கிய அன்றே பருகத்தக்கது. மறுநாள் காடியாகத் திரியும். தமிழ்நாட்டில் கள் இறக்குதல் 1987 முதல் தடைப்பட்டுள்ளமையின், சேலையூர், மாடம்பாக்கம் பக்கங்களில் எஞ்சியுள்ள பனைகளை நாள்தோறும் கண்டுவரும் எம் மாணாக்கர்க்கும் இவ்வியல்பு கண்ணாற் கண்டறிந்த செய்தியன்று. ஆயினும் பதநீரை அவர் அறிவர். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினாலன்றிப் பதநீர் பதநீராக நில்லாது, கள்ளாக மாறிவிடும். ஒரு பொருளைச் சேர்த்து மாறுதலைத் தடுக்கும் இவ்வுத்தியை நினைவிற்கொள்க. கோஸ் தீவினர் செய்ததை விளங்கிக்கொள்ள இது உதவும்.

மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் வைத்து முதிரச்செய்த தேன் தேறலைக் கூறுகின்றது. 'தேறல்' என்பது 'தேறு' என்னும் வினையடியாகப் பிறந்து, கசடு படிந்து தெளிந்ததைக் குறிக்கும். ஆகவே முதிரவைத்துத் தெளியச்செய்தல் நம்மவர் அறியாததன்று. எனினும் நம் நாட்டு மதுவகைகள் ஆக்கிய ஊரிலேயே, ஆக்கிய சில நாளிலோ திங்களிலோ உண்ணப்பட்டவை. பல திங்கள் கடலிலும் நிலத்திலும் பயணம் செய்து, கெடாது வந்து சேரும் தேறல் இவற்றினின்றும் முற்றும் வேறானது. அவ்வேறுபாட்டைத் தோற்றுவித்த நிலங்களை இனி நோக்குவாம்.

கோஸ் தீவு

கோஸ் என்பது சிறிய ஆசியாவின் தென்மேற்குக் கரையை அடுத்து, ஹாலிகார்னாஸஸ் நகருக்கு எதிரே உள்ள தீவு. மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹிப்போகிராட்டஸ் பிறந்த இடம் எனவே பலரும் அதனை அறிவர். தேறல் வரலாற்றிலும் அதற்குத் தனியிடம் உண்டு. புவிநூலார் ஸ்டிராபோ, சேமோஸ் தீவில் நல்ல தேறல் விளைவதில்லை என்று கூறுமிடத்து, அதனைச் சூழ்ந்த கியாஸ், லெஸ்போஸ், கோஸ் ஆகிய தீவுகள் சிறந்த தேறலுக்குப் பெயர்பெற்றவை என்கின்றார்.

கோஸ் தேறலின் அடையாளம் கடல்நீர். பிழிந்த சாற்றோடு கடல்நீரை மிகுதியாகக் கலத்தல் அத்தீவினர் வழக்கம். அதன் தோற்றத்தைப் பற்றிப் பிளினி ஒரு செய்தி கூறுகின்றார்: அடிமை ஒருவன் சாற்றைத் திருடிவிட்டு, அளவு குறையாதிருக்கக் கடல்நீரை ஊற்றினானாம், அதனாற் சுவை கெடாதது கண்டு அதுவே வழக்கமாயிற்றாம். இச்செய்தி கதையாகவே இருக்கலாம். உப்பு, தேறல் காடியாகத் திரிதலைத் தாமதிக்கச் செய்யும் என்பது மட்டும் உறுதி. பதநீரில் சுண்ணாம்பு புளித்தலையே தடுக்கின்றது. கோஸ் தேறலில் கடல்நீர் புளித்து முடிந்ததன் பின் வரும் கேட்டைத் தடுக்கின்றது. செயல் வேறாயினும் நோக்கம் ஒன்றே.

இத்தேறல் உயர்ந்தோர் விருந்துக்கு மட்டும் உரியதாய் இருந்ததன்று. பெருமளவில் ஆக்கப்பட்டுப் பலரும் வாங்கிப் பருகியது. கெடாமை, மலிவு ஆகிய இரண்டும் சேர்ந்தமையால் அது தொலைநாட்டு வாணிகத்துக்கு ஏற்ற பொருளாயிற்று. அதனை ஏற்றிய சாடிக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஆம்போரா எனப்படும் இருபிடிச் சாடிகளுள், கோஸ் சாடியின் ஒவ்வொரு பிடியும் இரண்டு உருண்ட மண்கோல்களை ஒன்றோடொன்று ஒட்டி அமைத்ததாக இருக்கும். உடைந்த பிடியின் ஒரு துண்டு கிடைப்பினும் இரட்டைக்கோல் அமைப்பைக் கொண்டு அதனை அடையாளம் காணலாம்.

கம்பேனியா

கம்பேனியாவின் பெருமைக்குக் காரணம் அதன் எரிமலை மண். வெசூவியஸ் மலையைச் சூழ்ந்த சரிவுகளிலும், வடக்கே மாசிக்கஸ் மலையடியிலும் கொடிமுந்திரித் தோட்டங்கள் பரந்து கிடந்தன. மாசிக்கஸ் மலையடியில் விளைந்த ஃபலேர்னியத் தேறல் உரோமப் பேரரசில் முதன்மையாக மதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. தேறல்களுள் இது ஒன்றே தீப்பற்றக்கூடியது எனப் பிளினி குறிக்கின்றார். அதன் கடுமையை இதனால் உணரலாம். பத்தாண்டு கடந்த பின்னரே இது பருகத்தக்கது எனவும், பதினைந்து முதல் இருபது ஆண்டு வரை முதிர்ந்ததே சிறந்தது எனவும் மருத்துவர் காலென் கூறியதாக அதெனேயஸ் எழுதியுள்ளார்.

ஆண்டைக் கொண்டு தேறலை மதிப்பிடும் வழக்கத்தையும் இத்தாலிய வரலாற்றில் காண்கின்றோம். கி.மு. 121-இல் ஒபிமியஸ் என்பார் ஆட்சித்தலைவராய் இருந்தபோது, பருவம் மிகச் சிறப்பாக அமைந்தமையால் விளைந்த தேறல் அவர் பெயராலேயே வழங்கிற்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழிந்த தம் காலத்திலும் அதிற் சிறிது எஞ்சியிருந்ததாகவும், அது கசப்புத் தேன் போல இறுகிவிட்டதாகவும் பிளினி கூறுகின்றார்.

இந்நாட்டின் தேறல் வரலாற்றில் ஒரு பெரு முறிவு கி.பி. 79-இல் நேர்ந்தது. அவ்வாண்டு வெசூவியஸ் வெடித்து பொம்பேயி முதலிய நகரங்களைப் புதைத்தபோது, அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களும் தேறல் நிறைந்த கிடங்குகளும் சாம்பலில் மூழ்கின. அழிந்ததை ஈடுசெய்யப் பிற இடங்களில் கொடி நடுதல் பெருகியதென ஆய்வாளர் பலர் கருதுவர். கி.பி. 92-ஐ ஒட்டித் தொமீஷியன் என்னும் பேரரசன், இத்தாலியில் புதிதாகக் கொடி நடலாகாது எனவும் வெளிமாநிலங்களில் தோட்டங்களிற் பாதியை அழிக்க வேண்டும் எனவும் ஆணையிட்டான். தேறல் மிகுந்து தானியம் குறைந்தமையே காரணம் என்றும், அவ்வாணையை அவன் வலியுறுத்தி நிறைவேற்றவில்லை என்றும் ஸ்வெட்டோனியஸ் கூறுகின்றார்.

ஒப்பீடு

கோஸ் தேறல் உப்பால் நிலைத்தது. ஃபலேர்னியம் முதிர்ச்சியால் உயர்ந்தது. முன்னது பலர்க்கும் உரியது; பின்னது செல்வர் மதித்தது. முன்னதன் புகழ் ஆக்கும் முறையைப் பற்றியது. பின்னதன் புகழ் நிலத்தையும் ஆண்டையும் பற்றியது. இவ்வேறுபாடுகளில் ஓர் உண்மை அடங்கியுள்ளது. ஆக்கும் முறையைப் பிறர் கற்றுக்கொள்ளக்கூடும். நிலத்தைப் பெயர்த்தெடுத்துச் செல்லுதல் இயலாது. ஆகவே பிறரால் போலி செய்யப்பட எளிதானது கோஸ் தேறலே.

அது போலி செய்யப்பட்டது என்பதற்கு எழுத்துச் சான்றே உண்டு. கி.மு. 149-இல் மறைந்த கேட்டோ தம் உழவு நூலில், கோஸ் தேறலை இத்தாலியிலேயே ஆக்கும் முறையைக் கூறுகின்றார். அறுவடைக்கு எழுபது நாள் முன்னதாக, நன்னீர் கலவாத ஆழ்கடலிலிருந்து நீர் முகந்து வைத்துத் தெளியவிடுமாறு அவர் அறிவுறுத்துவர். கோஸுக்குச் செல்லாமலே கோஸ் தேறல் உண்ண இத்தாலியர் விரும்பினர் என்பது இதனால் தெளிவு.

தேறலைப் பின்பற்றியவர் சாடியையும் பின்பற்றினர். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி, இத்தாலியர் தம் பழைய கனத்த சாடிகளைக் கைவிட்டு, கோஸ் சாடியின் இரட்டைக்கோற் பிடியை மேற்கொண்ட இலகுவான சாடிகளை வனைந்தனர். பழைய சாடியின் வெற்றெடையே அது கொள்ளும் தேறலின் எடையை ஒத்திருந்தது. புதிய சாடியோ அதனினும் மிக இலகுவாய் இருந்தும் ஏறத்தாழ அதே அளவு தேறலைக் கொண்டது. கப்பலில் ஏற்றுவார்க்கு இது பெரும் ஊதியம். இவ்வடிவம் கம்பேனியாவிலும் மிகுதியாக வனையப்பட்டது.

இங்கேதான் ஆய்வாளர்க்கு இடர் தோன்றுகின்றது. இரட்டைக்கோற் பிடி ஒன்று கிடைத்தால், அது கோஸ் தீவினதா? கோஸைப் பின்பற்றிய கம்பேனியாவினதா? வடிவம் விடை கூறாது, மண் கூறும். வெசூவியஸைச் சூழ்ந்த மண்ணில் எரிமலைக் கனிமங்கள் கலந்திருத்தலின், அம்மண்ணால் வனைந்த சாடியின் உடைவில் கருமணல் போன்ற துகள்கள் கண்ணுக்கே புலப்படும். ஏட்டுச்சுவடியில் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதோடு அமையாது ஓலையின் இயல்பையும் பார்த்து அதன் காலத்தையும் இடத்தையும் உறுதி செய்வது போன்றதே இது.

தமிழகத்திற் கிடைத்தவை

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலரும், அடுத்த ஆண்டுகளில் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு நடத்தினர். அங்குக் கிடைத்த இருபிடிச் சாடி உடைவுகளை எலிசபெத் லைடிங் வில் என்பார் ஆராய்ந்து, அவற்றுள் கோஸ் வடிவினவே மிகுதி என்றார். அவ்வடிவினுள்ளும் மெய்யான கோஸ் சாடிகளையும் போலிக் கோஸ் சாடிகளையும் வேறுபடுத்திக் காட்டினார். ரோட்ஸ், கினிடோஸ் ஆகிய ஏஜியன் பகுதிகளின் சாடிகளும், இத்தாலியச் சாடிகளும், தேறலன்றி எண்ணெயும் மீன்சாறும் ஏற்றிய சாடிகளும் அங்குக் காணப்பட்டன. எனவே சாடி கிடைத்த இடமெல்லாம் தேறல் வந்த இடம் எனக் கொள்ளுதலும் தவறு.

மேலைக்கரையில் பண்டை முசிறி எனப் பலரும் கருதும் பட்டணத்தில், கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தினர் 2007 முதல் அகழாய்வு நடத்தினர். அங்குக் கிடைத்த சாடி உடைவுகளுள் கருமணல் கலந்த கம்பேனிய உடைவுகள் சிறப்பிடம் பெறுகின்றன. ஏஜியன் பகுதிச் சாடிகளும் உள. நம் செய்யுளின் தலைவன் பாண்டியன் ஆதலின், வைகை கடலொடு கலக்கும் இடத்தை அடுத்த அழகன்குளமும் கருதற்குரியது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கு நடத்திய அகழாய்வுகளிலும் இருபிடிச் சாடி உடைவுகள் கிடைத்துள்ளன.

தாம்பரத்திலிருந்து தெற்கே ஓரிரு மணி நேரப் பயணத்தில் அடையத்தக்க வசவசமுத்திரம் பாலாற்றின் முகத்துவாரத்தில் உள்ளது. 1970-ஐ ஒட்டி அங்கு நடந்த அகழாய்வில் அடி கூம்பிய சாடிகள் கிடைத்தன. காஞ்சியிலும் இத்தகையவை கிடைத்துள்ளன. இவற்றை உரோமச் சாடிகளோடு ஒப்புமைப்படுத்திப் பேசும் வழக்கம் உண்டு. ஆயின் பிடியற்ற கூம்படிச் சாடி ஒன்றைக் கண்ட அளவிலே அதனை மேலைநாட்டுத் தேறற் சாடி என்றல் பொருந்தாது. இந்தியக் கரைகளில் உரோமச் சாடிகள் எனப் பதிவு செய்யப்பட்ட உடைவுகள் பலவற்றை மீண்டும் ஆராய்ந்த ரோபர்ட்டா டாம்பர், அவற்றுட் பல மெசொப்பொத்தேமியப் பகுதியைச் சேர்ந்த பிடியில்லாச் சாடிகள் எனக் காட்டியுள்ளார். அவற்றின் உட்புறம் நிலக்கீல் பூசப்பட்டிருக்கும். நம் தொண்டை நாட்டுச் சான்றுகளும் மண்ணின் இயல்பு கொண்டு ஒவ்வொன்றாக ஆராயப்படும் வரை, நீர்ப்பெயற்றுத் துறையில் யவனத் தேறல் இறங்கியது என எழுதுவது விருப்பமாகுமேயன்றி முடிவாகாது.

பயணமும் அளவும்

இத்தேறல் வந்த வழியும் ஓரளவு தெரிந்ததே. மத்தியதரைக் கடலிலிருந்து அலெக்சாண்டிரியா, அங்கிருந்து நைல் ஆற்றின் வழியே காப்டோஸ், பின்னர்ப் பாலைவழியே செங்கடல் துறைகளான மியோஸ் ஹார்மோஸ், பெரெனிக்கே. காப்டோஸில் கிடைத்த ஓட்டெழுத்துக்களில், அத்துறைகளுக்குத் தேறல் கொண்டு சென்ற செய்தி உண்டு. செங்கடலின் முகப்பிலுள்ள ஓசெலிஸ் துறையிலிருந்து முசிறிக்குப் பருவக்காற்றின் துணையால் நாற்பது நாளில் வரலாம் எனப் பிளினி கூறுகின்றார். எகிப்தியத் துறைகளிலிருந்து கலங்கள் புறப்பட்டது வேனிலின் நடுவில், சூலைத் திங்களை ஒட்டி. கொடிமுந்திரி அறுவடையோ இலையுதிர் காலத்தில். ஆகவே மிக இளைய தேறலும் முசிறியை அடையும்போது ஓராண்டு அகவை நிரம்பியதாகவே இருந்திருக்கும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்தவுடன் பிழியப்பட்ட நம் அரிசி மதுவோடு இதனை ஒப்பிட்டால், பாண்டியன் அவையில் அது பெற்ற மதிப்பின் காரணம் விளங்கும்.

அதன் அரிய தன்மைக்கு வேறு சான்றும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடற் பெரிப்ளுஸ்' என்னும் வணிகர் வழிகாட்டி, பரிகாசா எனப்பட்ட பரூச் துறையில் இறக்குமதியான தேறல்களுள் இத்தாலியத் தேறலே விரும்பப்பட்டது எனவும், லவோடிக்கேயா, அராபியா ஆகிய நாட்டுத் தேறல்களும் வந்தன எனவும் கூறுகின்றது. முசிறி முதலிய தென்றுறைகளைக் கூறுமிடத்தோ தேறல் வந்தது எனினும் மிகுதியன்று என்கின்றது. மிளகுக்கு ஈடாக வந்த பெருஞ்செல்வம் பொன்னே. தேறல் அதனோடு சிறிதளவாக வந்தது. நக்கீரனார் அதனை நாட்டு மக்களின் உணவாகக் கூறாது வேந்தன் பொற்கலத்தில் வைத்துக் கூறியமை இவ்வுண்மையோடு பொருந்துகின்றது.

செய்யுளுரைக்குப் பயன்

இவ்வொப்பீட்டால் பெறத்தகும் முடிவுகளை இனித் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது, 'நன்கலம்' என்னும் சொல். மேலைநாட்டுச் சாடிகள் பலவற்றின் உட்புறத்தில் மரப்பிசின் பூசி, வாயை அடைத்து முத்திரையிட்டனர். அவ்வாறு செய்யாவிடின் தேறல் வழியிலேயே கெடும். தேறலைத் தேறலாகவே பாண்டியன் அவை வரை கொண்டுவந்து சேர்த்தது அச்சாடியே. நம் நாட்டுச் சாடி இரண்டு நாள் முதிரவைக்கும் ஏனம். யவனர் சாடி ஓராண்டுக்கு மேலும் காத்துவைக்கும் ஏனம். 'நல்ல' என்னும் அடைமொழி இவ்வேறுபாட்டிலேயே பொருள் பெறுகின்றது. எனவே ஏனம் என்னும் பொருளே ஈண்டுச் சிறந்தது எனக் கொள்கின்றோம். 'குப்பி' எனப் பொருள் கொள்வார், கண்ணாடிக் குப்பியை எண்ணாது, இருபது லிட்டருக்கு மேல் கொள்ளும் மட்சாடியை எண்ணுதல் வேண்டும். அகநானூற்றுச் செய்யுளில் இதே சொல் மரக்கலத்தைக் குறித்தல், அங்குள்ள வரவும் மீட்சியும் ஆகிய வினைகளால் உறுதிப்படுகின்றது; அவ்வினைகள் புறநானூற்றுச் செய்யுளில் இல்லை.

இரண்டாவது, 'யவனர்' என்னும் சொல். செய்யுள் அவரைத் தேறல் தந்தவராகக் கூறுகின்றதேயன்றி ஆக்கியவராகக் கூறவில்லை. கோஸ் தீவின் கிரேக்கர் ஆக்கியதும், கம்பேனிய உழவர் ஆக்கியதும், கம்பேனியர் கோஸ் முறையைப் பின்பற்றி ஆக்கியதும் எகிப்தியத் துறைகளின் வணிகரால் ஒரே மரக்கலத்தில் ஏற்றப்பட்டிருக்கக்கூடும். பாண்டியன் அவையில் அவை அனைத்தும் 'யவனர் தந்தவை'யே. ஆகவே 'கிரேக்க மது' என்றோ 'உரோம மது' என்றோ ஒன்றைத் தெரிந்து எழுதுதற்குச் செய்யுள் இடந்தரவில்லை. 'யவனர் கொணர்ந்த தேறல்' எனச் செய்யுள் கூறியவாறே எழுதுதல் சாலும்.

மூன்றாவது, காலவாராய்ச்சி. சிலர் இச்செய்யுளைக் கம்பேனியத் தேறலோடு இணைத்து, கி.பி. 79-க்கு முன் வைக்க விழைவர். வேறு சிலர் ஏஜியன் சாடிகளின் பழமையைக் கொண்டு இன்னும் முன்னே தள்ள விழைவர். இரண்டும் ஏற்புடையனவல்ல. கி.பி. 79-க்குப் பின்னும் கம்பேனியாவில் தேறல் ஆக்குதல் முற்றும் நின்றுவிடவில்லை. இன்றும் அங்கு ஃபலேர்னோ தெல் மாசிக்கோ என்னும் பெயரில், 1989-இல் பெற்ற சட்டக் காப்புடன், தேறல் ஆக்கப்படுகின்றது. சாடியின் மண் ஒரு நாட்டைக் காட்டும், தோட்டத்தைக் காட்டாது. கருமணல் உடைவு ஒன்றைக் கொண்டு பாண்டியன் உண்டது ஃபலேர்னியமே என்றல் இயலாதவாறே, ஒரு செய்யுளின் ஆண்டை உறுதி செய்தலும் இயலாது. சாடிகள் வாணிகத்தின் காலத்தைக் காட்டும். செய்யுளின் காலத்தை மொழியும் மரபும் வரலாறும் ஒருங்கே காட்டுதல் வேண்டும்.

முதுகலை மாணாக்கர் சங்க இலக்கியத்தையும் அகழாய்வு அறிக்கைகளையும் இணைத்து ஆய்வேடு எழுதுதல் இந்நாளில் பெருகி வருகின்றது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின் செய்யுளடி ஒன்றையும் மட்கல உடைவு ஒன்றையும் அருகருகே வைத்து, ஒன்று மற்றொன்றை மெய்ப்பிக்கின்றது எனக் கூறி அமைதல் ஆராய்ச்சியாகாது. கோஸ் சாடி போலத் தோன்றுவது கம்பேனியச் சாடியாக இருக்கலாம். உரோமச் சாடி எனப் பெயரிடப்பட்டது மெசொப்பொத்தேமியச் சாடியாக இருக்கலாம். அறிக்கையில் 'ஆம்போரா' என்னும் பெயரைக் கண்டவுடன் நில்லாது, அதன் மண் ஆராயப்பட்டதா, பிடி உண்டா, உட்பூச்சு யாது என்று வினவுதல் வேண்டும். சொல்லுக்கு வேர் காணும் நாம் கலத்துக்கு மண் காணவும் பயிலுதல் வேண்டும். தொண்டை நாட்டுத் துறைகளிற் கிடைத்த கூம்படிச் சாடிகள் அத்தகைய ஆராய்ச்சிக்கு இன்னும் காத்துக்கிடக்கின்றன. தென்சென்னைப் பகுதிக் கல்லூரிகளின் மாணாக்கர்க்கு அவை அண்மையிலேயே உள்ளன.